செவ்வாய் மாலை நாலு பத்து

அன்று காலை ஹாஸ்டல் அறையில் இருந்தவர்கள்: நான், ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அன்னக்கிளி, வார்டன் செல்லம்மாள் அக்கா.

திங்கட்கிழமை. கம்பெனி நைட் ஷிஃப்டை விட்டு நான் நின்று பத்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு எழும்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்கு இன்டர்வியூ. அது கிடைக்காவிட்டால் கம்பெனியில் பழைய லைன் வேலைக்கே போக வேண்டும். ஹாஸ்டல் இருக்கும் ஒரகடத்திலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜில் ஓர் இரவுக்கு ரூம் சொல்லிவைத்தேன்.

வெளியே தங்கப் போகிறவள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா நோட்டை விரித்தார்.

"இன்னாம்மா, முன்னாடியே எழுதிட்டியா?"

நான் எழுதவில்லை. ஆனால் அது என் கையெழுத்துதான். என் பெயர், அன்றைய தேதி, லாட்ஜின் பெயர். திரும்பிய நேரம்: செவ்வாய் மாலை 4.10. ஷிஃப்ட்: நைட்.

"நாளைக்குத்தானக்கா செவ்வாய்? இத அடிச்சிருதேன்."

"அடிச்சிகிடிச்சி வெச்சிடாத. ஆடிட்டுக்கு வர்றவன் என்னைத்தான் கேப்பான்."

மாலையில் பையை எடுத்தேன். கொடியில் என் கம்பெனிச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இத எதுக்குத் துவைச்ச?"

"பெறவு, நாளைக்கு ஷிஃப்டுக்கு அழுக்கையா போட்டுட்டுப் போவ?" என்றாள் அன்னக்கிளி, தலையைப் பின்னிக்கொண்டே.

படியிறங்கினேன். அக்கா எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.