ஓரடி நகர்ந்த கார்

ஷெட்டில் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்த டீசல் ஜீப்புக்குத் துணையாக, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைமாறி வந்து சேர்ந்தது. வாங்கிய தணிகாசலம் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஓரடி நகர்த்தி நசுக்கிவிட்டு உடனே என்ஜினை அணைத்தார்.

மறுநாள் கார் கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போனதும், கண்திருஷ்டிதான் என்று இன்னும் பெரிய பழமாக வைத்து நசுக்கினார். மறுபடியும் கிளம்பவில்லை. விற்றுவிடலாம் என்று புலம்பினார்.

"உனக்கு என்னப்பா கோளாறு?" என்று ஜீப் கேட்டது.

"கோளாறே இல்லண்ணே. என் என்ஜின்ல பிஸ்டன் கிடையாது, ஒரு முக்கோணம்தான் சுத்தும். எழுப்பினா, சூடேறுற வரைக்கும் ஓடவிடணும். ஓரடியில நிறுத்தினா பெட்ரோல்ல நனைஞ்சு போயிடுவேன். கொஞ்சம் ஆயிலும் குடிப்பேன். அது வியாதி இல்ல, சுபாவம்."

மெக்கானிக்கும் இதையேதான் தணிகாசலத்திடம் சொன்னான். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் பானட்டைத் திறந்து ஆயில் பார்ப்பார். "சூடாயிட்டியா கண்ணு?" என்று காத்துக்கொண்டு நிற்பார். பிறகு ஜீப்பில் ஏறி, சாவியைத் திருகி, ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போவார்.

ஜீப் ஒரு மாதம் பார்த்தது. ஒருநாள் காலையில், பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக, அது கிளம்பவில்லை.

தணிகாசலம் பதறிப்போய் இறங்கி அதன் பானட்டைத் திறந்தார். "உனக்கு என்னடா ஆச்சு, ராஜா?"

அடுத்த திருகலிலேயே ஜீப் கிளம்பிவிட்டது.