மூணு ஹாரன்

"ஏனுங்க, பஸ்ஸை எதுக்கு இந்த வளைவுல நிறுத்துனீங்க? ஸ்டாப்பிங்கா இது?"

முன் சீட்டிலிருந்து கத்தினார் குன்னூர் தேயிலை வியாபாரி சுப்பண்ணன். சொந்தக்காரர் விசேஷத்துக்கு எஸ்டேட் பக்கம் வந்த இடத்தில் அவருடைய கார் படுத்துவிட்டது. இருபது வருஷம் கழித்து பஸ். அதுவும் விடியாத ஆறு மணி பஸ்.

டிரைவர் சுடலைமுத்து மூன்று முறை ஹாரன் அடித்தார். கீழே தேயிலைச் சரிவில் ஒரு டார்ச் அசைந்தது.

"தோட்டத் தொழிலாளிங்க லைன் வீட்டுப் பொம்பளைங்க சார். எஸ்டேட் ஃபேக்டரியை மூடினதிலிருந்து குன்னூருக்கு வீட்டு வேலைக்குப் போறாங்க. பாதையில காட்டெருமை நிக்கும். ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கினாத்தான் மேல ஏறி வர முடியும்."

"அதுவரைக்கும் நாங்க காத்துக் கெடக்கோணுமா? இதனாலதான் மனுசன் கார் வாங்கறான்!"

தேயிலை விலை விழுந்து, ஈ ஓட்டும் கடையைத் திறக்கத்தான் இத்தனை அவசரம்.

ஐந்து நிமிஷத்தில் மூன்று பெண்கள், தலையை மூடிய கம்பளியோடு மூச்சு வாங்க ஏறினார்கள். சுப்பண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டரிடமே டிப்போ நம்பரை வாங்கி, செல்போனில் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கார் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. புகாரும் நன்றாகவே வேலை செய்தது.

திங்கட்கிழமை, மணி பத்து. படுத்த படுக்கையாகக் கிடக்கும் சுப்பண்ணனின் அம்மாவுக்கு இன்னும் துணி மாற்றவில்லை, கஞ்சி ஊட்டவில்லை. சுப்பண்ணனின் மனைவி கனகமணி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

மூன்று வருஷமாகக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் பேச்சி, நனைந்த கம்பளியோடு ஓடி வந்தாள்.

"இப்பத்தான் விடிஞ்சுதா? முடியலைன்னா சொல்லிப்போடு, வேற ஆளப் பாத்துக்கறோம்," என்றார் சுப்பண்ணன்.

"பஸ்ஸு நிக்கலைங்கய்யா. வளைவுல இனிமே நிறுத்தக்கூடாதுன்னு டிரைவருக்கு மெமோ குடுத்துட்டாங்களாம். அடுத்த பஸ் பதினோரு மணிக்குத்தான். நடந்தே வந்தேனுங்க."

"எதுக்கு மெமோ?" என்றாள் கனகமணி.

"புகார் போயிருக்குங்கம்மா."

சுப்பண்ணன் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எந்தக் கட்டையில போறவனோ! அவன் நல்லா இருப்பானா?" என்றாள் கனகமணி.

பேச்சி பதறிப்போனாள்.

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா! அன்னைக்கு ஃபோன் போட்டப்ப நேர் பின் சீட்டுலதான் உக்காந்திருந்தேன். பாவம், ஐயாவுக்கு என்ன அவசரமோ!"