விருந்துக்கு வந்த பாம்பு

தோரெபெக் கடைசியாகச் செய்த காரியம், மனைவி குன்சுலுவின் தோல் காலணிக்கு ஆட்டுக்கொழுப்புப் பூசுவதற்காக அதற்குள் கையை விட்டதுதான். உள்ளே விரியன் இருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

புழுவைக் கண்டாலே அலறுகிற குன்சுலு, நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் பாம்பு பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லிப் பாம்பு பிடிப்பவரிடம் போய் நின்றாள்.

கொழுந்தன் எசிம்கான் சிரித்தான். "அண்ணனக் கடிச்ச பாம்பப் பழிவாங்கப் போறீங்களா அண்ணி? அது மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"கண்டுபிடிச்சிருவேன் தம்பி."

முதல் மாதம் பாம்புக் கூடையைப் பார்த்தே மயங்கி விழுந்தாள். கோடையில் வாலைத் தொட்டாள். இலையுதிர்காலத்தில் விரியனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். பயம் விலகிய பிறகுதான் அந்த நாளை அவளால் நிதானமாக நினைத்துப் பார்க்க முடிந்தது.

ஆண்டு நினைவு விருந்தன்று பால் கிண்ணத்தோடு கம்பளிக் கூடாரத்துக்குள் வந்தாள்.

"உள்ள பாம்பு இருக்கு," என்றாள்.

எல்லோரும் துள்ளி எழுந்தார்கள்.

"அடிச்சிராதம்மா! வீட்டுக்குள்ள வந்த பாம்பத் தலைல பால ஊத்தி வெளிய அனுப்புறதுதான் நம்ம வழக்கம்," என்று கத்தினார் மாமனார்.

"அதுக்குத்தான் மாமா கொண்டாந்தேன்," என்றவள், எசிம்கானின் தலையில் பாலை ஊற்றினாள்.

"பாம்புக்குப் பயந்து, காலணி வாயக் கயித்தால கட்டித்தான் வைப்பேன். அன்னிக்கு அதுல இருந்தது நான் போட்ட முடிச்சு இல்ல, நீங்க குதிரைக்குப் போடுற முடிச்சு. அத அவுத்துட்டுத்தான் அவரு கைய விட்டாரு. பாம்புக்கு முடிச்சுப் போடத் தெரியுமா தம்பி?"

"உங்களச் சும்மா பயமுறுத்தத்தான் அண்ணி..."

மாமனார் வாசல் கம்பளியை விலக்கிப் பிடித்தார். பால் சொட்டச் சொட்ட எசிம்கான் வெளியே போனான்.

மறுநாளும் குன்சுலு பால் கறக்க உட்கார்ந்தாள்; பசு வழக்கம்போல முக்கால் வாளிதான் கறந்தது.