பத்து அசைவுகள்

மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள்.

வயிறு சும்மா இருந்தது.

மறுபடி மிதித்தாள். ஓவர்லாக் தையல் மிஷின் ஓடியதும் வயிற்றில் ஓர் அதிர்வு. நிறுத்தினாள். அதிர்வும் நின்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எட்டு மாதம் முடிந்திருந்தது. இனிமேல் தினமும் பிள்ளையின் அசைவை எண்ண வேண்டும், பத்துக்குக் குறைந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பனியன் கம்பெனியில் சும்மா உட்கார்ந்து எண்ண ஏது நேரம்? தைத்துக்கொண்டே எண்ணினாள். ஒவ்வோர் அசைவுக்கும் மேஜையில் ஒரு சாக்பீஸ் கோடு. இன்று காலை ஒரு மணி நேரத்திலேயே பத்துக் கோடு விழுந்துவிட்டது. சமர்த்துப் பிள்ளை என்று பெருமை வேறு.

அந்தப் பத்தில் பிள்ளை எத்தனை, மிஷின் எத்தனை?

வயிற்றைத் தடவினாள். தட்டிப் பார்த்தாள். பக்கத்து மிஷின்கள் ஓட ஓட, நீள மேஜை முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தது. எதை நம்புவது?

லைன் சூப்பர்வைசர் மயிலாத்தா வந்து நின்றாள். ஒரு பீஸ் குறைந்தாலும் பேயாட்டம் ஆடுகிறவள். அவளிடம் போய் இதைச் சொல்வதா?

சொன்னாள். பாதியிலேயே அழுதுவிட்டாள்.

மயிலாத்தா ஆட்டோவுக்குப் போன் செய்தாள். பிறகு நேராகப் போய் அந்த வரிசையின் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

முப்பது மிஷினும் நின்றன. விஷயம் அதற்குள் காதோடு காதாகக் கடைசி மிஷின் வரை போயிருந்தது. எல்லோரும் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள்.

மேஜை அடங்கியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிடம்.

இரண்டு.

விலாவுக்குக் கீழே நறுக்கென்று ஓர் உதை.

இன்னொன்று.

வலித்தது. அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது! போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மயிலாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆட்டோ வருது. எதுக்கும் டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போட்டு வந்துரு கண்ணு.”

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். லைன் ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

“கரண்ட் போயிருச்சுங்க” என்றாள் மயிலாத்தா.

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் வயிற்றைப் பார்த்தார்.

“எப்ப வருமாம்?” என்று கேட்டார்.