பேர் தெரியாத வட்டங்கள்

மாமியார் இன்றைக்கும் போனோடுதான் சாமி ரூமுக்குள் போனாள்.

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. வானதி எட்டிப் பார்த்தாள். விளக்கு ஒரு பக்கம் எரிய, பிரகதாம்பாள் ஸ்க்ரீனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரமாக இதே வேலை.

'நாம சாப்பிடும்போது போனை எடுத்தா மட்டும் முறைக்கிறாங்க!'

வானதிக்கும் சாமிக்கும் பேச்சு வார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. அவள் அப்பா போனதோடு சரி. ஆனாலும் பூஜையில் போன் என்பது அவளுக்கே பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் அமர்க்களப்பட்டது. போட்டோக்களைச் சேமித்து வைக்கிற கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு. முகத்தைப் பார்த்து ஆளாளுக்குப் படங்களைப் பிரித்து வைக்கும் வசதியை மாசக் கடைசியோடு நிறுத்துகிறார்களாம்.

"இனிமே என் கல்யாணப் படத்துல என்னை நானே தேடணுமா?" என்று நாத்தனார் பிரகதீஸ்வரி நாலு கோப முகம் போட்டாள்.

"கேஸ் போடலாம்" என்றார் குணசேகரன் சித்தப்பா. கரண்ட் போனாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

பிரகதாம்பாள் மட்டும் அழுதேவிட்டாள்.

"படம் எதுவும் போகாதும்மா" என்று சிங்கப்பூரிலிருந்து மகன், வானதியின் புருஷன் பரணிதரன் வீடியோ காலில் சமாதானம் சொன்னான். "வட்டம் வட்டமா மூஞ்சி வரிசையா வருதுல்ல, அது மட்டும்தான் இருக்காது."

"எனக்கு அதுதாம்ப்பா வேணும்."

"இருநூத்தி எண்பது மூஞ்சி! அத்தனையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

பிரகதாம்பாள் போனை வைத்ததும் ஒரு நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வானதியிடம் வந்தாள்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும். எல்லாம் போறதுக்குள்ள, இந்த வட்டத்துல இருக்கிறவங்களை எழுதிக் குடுக்கிறியாம்மா?"

ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் ஒரு பேர் இருந்தது. டைப் பண்ணத் தெரியாமல் மைக்கில் பேசியே பதிந்து வைத்திருந்தாள். வானதி பார்த்துப் பார்த்து எழுதினாள். முதலில் வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள். அப்புறம், 'தொண்டை கட்டின ஐஸ்காரர்.'

"யாரு அத்தை இது?"

"தெரியாதும்மா. கோடியக்கரைக்குப் போனப்ப எடுத்த படத்துல பின்னாடி நிக்கிறாரு. பாவம், கூவிக் கூவிக் குரலே போயிடுச்சு."

அடுத்தது, 'நாத்துக்கட்டோட சிரிச்ச அக்கா.' அதற்கடுத்தது, 'டீக்கடையில தனியா நின்ன பெரியவர்.'

"தெரியாதவங்களை எல்லாம் எதுக்கு எழுதணும்?"

"நான் எங்கம்மா சேத்தேன்? நம்ம படத்துக்குள்ள வந்தவங்களை எல்லாம் இந்த போன்தான் வட்டம் போட்டுக் குடுத்துச்சு. சாமி முன்னாடி திறந்தா எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் வேண்டிக்கிட்டு, அவங்களை எப்படித் தள்ளிவிடறது? ஒரு நாளைக்கு நாப்பது பேர். ஏழு நாள்ல ஒரு சுத்து வந்துடும்."

வானதியின் பேனா நின்றது. காலையில் தான் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது.

"பேரே தெரியாம வேண்டிக்கிட்டா சாமிக்கு எப்படி அத்தை தெரியும்?" குரலில் இப்போது கேலி இல்லை.

"அதான் அடையாளம் சொல்றேன்ல!"

சிரித்துக்கொண்டே அடுத்த வட்டத்தைப் பார்த்தாள் வானதி. மாலையும் கழுத்துமாக அவளேதான். 'வானதி' என்று எழுதப் போனவள், கீழே இருந்த பேரைப் படித்தாள்.

'நீடாமங்கலம் ஸ்டேஷன்ல அழுத பொண்ணு.'

"அத்தை, எனக்கு வேற யாரோட பேரோ போட்டிருக்கீங்க."

பிரகதாம்பாள் திடுக்கிட்டாள். "அதை விடும்மா. அடுத்ததை எழுது."

வானதி அந்த வட்டத்தைத் தொட்டாள். அவள் படங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. நாத்தனாரின் வளைகாப்பு, பொங்கல், கல்யாணம். அதற்கும் முந்தியதாக ஒரே ஒரு படம்.

நீடாமங்கலம் ஸ்டேஷன். முதல் தடவை சிங்கப்பூர் கிளம்புகிற பரணி, இரண்டு பெட்டிகள், சுற்றிலும் வீட்டு ஜனம். பின்னால் சிமென்ட் பெஞ்சில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், துப்பட்டாவைக் கையில் கசக்கியபடி அழுதுகொண்டிருந்தாள்.

வானதி படத்தைப் பெரிதாக்கினாள்; அழுதது அவள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்கு இனி வைத்தியம் இல்லை என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்த நாள். வீட்டுக்குப் போக முத்துப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க நீடாமங்கலத்தில் ரயிலைவிட்டு இறங்கியவள், எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் அந்த பெஞ்சிலேயே கிடந்தாள். இவ்வளவு கூட்டத்தில் ஒரு ஜீவன்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று, சாமியோடு சண்டை போட்டுக்கொண்டதும் அங்கேதான். பரணிக்கு அவளைப் பெண் பார்க்க வந்ததே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான்.

"இது நான்னு உங்களுக்கு எப்ப அத்தை தெரியும்?"

"உங்க கல்யாண போட்டோவை ஏத்தின அன்னிக்கு. இந்த போன் உன்னைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணோட வட்டத்துல சேத்துச்சு. மூணு வருஷமா யாருன்னே தெரியாம யாருக்காக வேண்டிக்கிட்டேனோ, அவ என் சமையக்கட்டுல காபி போட்டுக்கிட்டு நிக்கிறா. அப்படியே சிலிர்த்துப் போச்சு. அழுததைப் பாத்தேன்னு சொன்னா நீ கூச்சப்படுவியேன்னுதான் வாயைத் திறக்கலை."

வானதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். நோட்டில் தன் பேரை எழுதவில்லை. மாமியார் வைத்த பேரையே எழுதினாள்.