பாதிதான் நிஜம்

சியாரா மலை ஏரிக்கரைத் தங்குவிடுதியின் வாசலில், பகல் மூன்று மணிக்கே சூரியன் கீறிய பூசணிக்காய் போலத் தொங்குகிறது. புகையை வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பலாம். நெடுந்தூர மலைநடையின் வழிச்சாப்பாட்டுக்காக என் மனைவி டார்லீன் ஜூனில் எங்கள் இருவருக்கும் உணவு நிரப்பி, முன்கூட்டியே இங்கே தபாலில் அனுப்பிய வாளியைத் திறக்கிறேன். ஜூலையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உள்ளே எல்லாம் இரண்டிரண்டு பொட்டலம். அவள் பங்கை மேலே கணவாய் உச்சியில் உட்கார்ந்து தின்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

“மேல காடு எரியுது தாத்தா, பாதைய மூடியாச்சு. நாலு மணிப் படகுல இறங்கிடுங்க,” என்கிறாள் வனக்காவலர் கெல்சி. “மிச்சச் சாப்பாட்டப் பொதுப் பீப்பாயில போடுங்க, பின்னால நடந்து வர்றவங்க எடுத்துப்பாங்க. எவ்வளவு தூரம் நடந்தீங்க?”

“நானூறு மைல். வழியில நாலு கரடி கைகுலுக்கிச்சு.”

“நிஜமாவா?”

நான் காத்திருக்கிறேன். நாற்பது வருடமாக, என் கதையில் இந்த இடம் வந்ததும் டார்லீன் கேட்பவர்களிடம், “இவர் சொல்றதப் பாதியாக் குறைச்சுக்கோங்க,” என்பாள். ஏரியில் படகு மணி அடிக்கிறது. படகுக்குக் கிளம்புமுன் என் பங்கை மட்டும் பீப்பாயில் போட்டுவிட்டு, அவள் பங்கைப் பாதை திறக்கும் நாளுக்கென முதுகில் ஏற்றுகிறேன்.

“இருநூறு மைல்தான்மா,” என்கிறேன். “கரடியும் ரெண்டுதான்.”