கொக்கி சுத்தம் செய்யும் இயந்திரம்

இந்த மாதமும் ஒன்றும் விற்காவிட்டால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கப்பட்டிருந்தபடியால், ஷாட் பிளாஸ்டிங் இயந்திரக் கடைக்குள் நுழைந்த பெரியவரை விற்பனையாளன் விழுந்து விழுந்து உபசரித்து உட்காரவைத்தான்.

"கிரேன்ல மாட்டுற இரும்புக் கொக்கிங்க, தம்பி. துருவும் கசடும் போகணும். எந்த மெஷின் நல்லது?"

"சின்னதே போதும், ஐயா. கடுகளவு இரும்புக் குண்டுகளை வேகமா வீசி அடிக்கும். கொக்கி பளபளன்னு ஆயிடும்."

"அப்போ அந்தப் பெரிய மெஷின் எதுக்கு? சும்மா ஆளை மிரட்டவா?"

விற்பனையாளன் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? அது அடிக்கிற அடியில மேல்தோல் நசுங்கி, மயிரிழை விரிசலெல்லாம் மூடிக்கும். விரிசல் இருக்கான்னு சாயம் தடவிச் சோதிக்கிறவங்க கண்ணுல படவே படாது. கழிச்சுப்போட வேண்டியதெல்லாம் காசாயிடும்."

"நிஜமாவா? யாராவது வாங்கியிருக்காங்களா?"

"என்ன ஐயா, இப்படிக் கேட்டுட்டீங்க! ஆத்தோரத்துப் பட்டறைக்கு நானேதான் பார்த்துக் குடுத்தேன். அவங்க கொக்கி ஒண்ணுகூடச் சோதனையில தோத்ததில்ல. உங்களுக்கும் அதையே போட்டுடலாமா?"

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எனக்குப் பட்டறை ஏதும் இல்ல, தம்பி. அவங்க கொக்கி ஒண்ணு உடைஞ்சு, சுமை விழுந்து செத்தவன் என் மகன். சோதனையில தேறின கொக்கி எப்படி உடையும்னு நாயா அலைஞ்சு கேட்டேன்; ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்கதான் உக்காரவச்சுச் சொன்னீங்க."